மாத்திரைக் கவரின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்களுக்கு,
டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை, சென்னை.

வணக்கம்.

திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் பதினோரு வருடமாக டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் செய்வோம். மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது மெடிக்கல் ஷாப் கவர் ஆர்டர் வரும். உள்ளங்கை அளவுக் காகிதக் கவர். முன்பக்கம் கடையின் பெயர், பச்சையில் ஒரு கூட்டல் குறி, போன் நம்பர். அதற்குக் கீழே காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று கட்டங்கள். பின்பக்கம் ஒன்றும் இருக்காது. பல வருடமாக அதை வெறுமையாகவே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே ஏதாவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

போன கத்திரி வெயிலில், எங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கவர்களில் நாற்பதுக்கு மேல் எடுத்தேன். சிலவற்றில் ஒன்றிரண்டு மாத்திரை மிச்சம் இருந்தது. ஒரு கவரில்கூட மாத்திரையின் பெயர் இல்லை.

என் அம்மாவுக்கு 61 வயது. புளியந்தோப்பில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருக்கிறாள். விடிகாலை 3 மணிக்கு அடுப்பு மூட்டினால் 10 மணி வரை நின்ற நிலைதான். முட்டி வலி வந்து நாலைந்து வருடமாகிறது. தெருமுனை கிளினிக்கில் 250 ரூபாய் கொடுத்துக் காட்டியபோது ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைக் காலையில் போட்டுக்கொள்வாள். ராத்திரி வலி தாங்காவிட்டால் என் தம்பியை மெடிக்கலுக்கு அனுப்புவாள். "உடம்பு வலிக்கு ஒரு செட் வாங்கிட்டு வாடா" என்பாள். சென்னையில் ஏழை வீடுகளில் இந்தச் செட்டு என்ற சொல் தெரியாதவர்கள் கிடையாது. அட்டையிலிருந்து கத்தரித்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். இருபது முப்பது ரூபாயில் முடிந்துவிடும். இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது.

மே மாதம் இரண்டு நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. அந்த இரண்டு நாளும் அவள் மாத்திரையை விடவில்லை, படுத்தால் கால் குடைகிறது என்று போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் சிறுநீரே போகவில்லை, முகம் வீங்கியிருந்தது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 4.2 என்றார்கள். அது 1.2-க்குள் இருக்க வேண்டுமாம். பணியில் இருந்த இளம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டு வாங்கம்மா" என்றார். அதற்கு அம்மா, "அது வெறும் வலி மாத்திரைதானே, அதையா கேக்குறாங்க" என்றாள்.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டது அன்றைக்குத்தான். டாக்டரின் மேஜையில் அந்த மாத்திரைகளைக் கொட்டினேன். மஞ்சளாக ஒன்று, வெள்ளையாக இரண்டு. அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உயிருக்குப் போராடும் நேரத்தில், என்ன மருந்து சாப்பிட்டார்கள் என்பதை நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. தம்பி பைக்கில் கடைக்கு ஓடி, கடை அண்ணனிடம் அட்டைகளை வாங்கி வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது.

கிளினிக்கில் எழுதிக் கொடுத்த மாத்திரை டைக்ளோஃபினாக்கும் செராஷியோபெப்டிடேஸும் சேர்ந்தது. செட்டில் வந்த ஒரே மாத்திரைக்குள் அசெக்ளோஃபினாக், பாராசிட்டமால், குளோர்சாக்சசோன் மூன்றும் இருந்தன. கூட ஒரு கேஸ் மாத்திரை. இது போகப் பிரஷருக்கு அவள் தினமும் போடுவது டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்தது. அம்மாவைக் கேட்டால் நாலு மாத்திரைதான் சாப்பிட்டேன் என்பாள். உள்ளே போனது எட்டு மருந்து. அதில் டைக்ளோஃபினாக்கும் அசெக்ளோஃபினாக்கும் ஒரே குடும்பம். இரண்டில் ஒன்றைத்தான் சாப்பிட வேண்டும். கடை வேறு, பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் அவளுக்கு அவை வேறு வேறு மருந்து.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு எனக்கு விளக்கினார். கிட்னிக்குள் ரத்தம் நுழையும் வாசலை இந்த வகை வலி மாத்திரை சுருக்கிவிடுகிறது. டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரை ரத்தம் வெளியேறும் வாசலைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரியும் மருந்து உடம்பில் இருக்கும் தண்ணீரைக் குறைக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தம் இல்லாமல் போகிறது. அதிலும் வெயில், அடுப்புச் சூடு, வாந்தி என்று உடம்பு வற்றிய நேரத்தில் ஆபத்து பல மடங்கு. இது மருத்துவப் புத்தகங்களில் நீண்ட காலமாக எழுதப்பட்டிருக்கும் விஷயம் என்றார். எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தார்கள். அம்மா பிழைத்துவிட்டாள். கிரியேட்டினின் 1.6-இல் வந்து நிற்கிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

ஐயா, நான் அந்தக் கடை அண்ணனைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ராத்திரி 11 மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் என்றால் கதவைத் திறப்பவர் அவர். காசு அடுத்த வாரம் கொடு என்பவர். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வியாபாரம் போகும் என்பதால்தான் எங்கள் தெருவே அவரிடம் போகிறது. வலி பொய்யில்லை, அதற்கு மருந்து வேண்டும். ஆனால் வலிக்கு வாங்கும் மருந்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு வேண்டாமா?

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் போல சாதுவான மருந்து இல்லை என்று எல்லோரும் நினைக்கிறோம். அளவோடு போட்டால் உண்மைதான். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராம் எல்லை, அதைத் தாண்டினால் கல்லீரல் பழுதாகலாம். குடிப்பழக்கம் உள்ளவருக்கு எல்லை இன்னும் குறைவு. இப்போது ஒருவருக்கு உடம்பு வலியோடு ஜுரமும் சளியும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜுரத்துக்கு 650 மாத்திரை நாலு வேளை, 2,600. சளி மாத்திரைக்குள் ஒரு 500 இருக்கும், மூன்று வேளைக்கு 1,500. வலிக் கலவைக்குள் 325 இருக்கும், மூன்று வேளைக்கு 975. மொத்தம் 5,075. அவர் அளவுக்கு மீறி எதையும் சாப்பிடவில்லை, மூன்று வியாதிக்கு மூன்று மாத்திரை சாப்பிட்டார். இந்தக் கூட்டல் கணக்கைப் போட எந்தப் பள்ளிப் பிள்ளையாலும் முடியும், எண்கள் கண்ணில் பட்டால். கலவை மாத்திரை அந்த எண்களை மறைத்துவிடுகிறது. ஒரு மாத்திரையில் பாராசிட்டமால் 325 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று, டாக்டர் சீட்டில் வாங்கும் கலவைகளுக்கு அமெரிக்காவின் மருந்துத் துறை 2011-இல் சொன்னதும் இந்தக் கல்லீரல் பயத்தால்தான்.

அப்புறம் காசு. அம்மாவின் ராத்திரி மாத்திரை ஒன்று 12 ரூபாய். காலை மாத்திரையும் ஏறக்குறைய அதே விலை. கேஸ் மாத்திரையையும் சேர்த்தால் மாதம் 900 ரூபாய்க்கு மேல். இட்லி விற்று வரும் காசு அது. பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற ஒற்றை மருந்துகள் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கு அரசு உச்ச விலை வைத்திருக்கிறது, அதனால் பாராசிட்டமால் 650 ஒன்று ஏறக்குறைய 2 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அம்மா சாப்பிட்ட கலவைகள் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத மருந்தின் விலையை ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ள விலைக் கட்டுப்பாட்டு ஆணை இடம் தருகிறது. மலிவான மருந்தோடு இன்னொரு மலிவான மருந்தைச் சேர்த்தால் விலை உயர்ந்த மருந்து பிறக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் நாப்ராக்சன் என்ற வலி மருந்தும் ஈசோமெப்ரசோல் என்ற கேஸ் மருந்தும் மருந்துக்கடை அலமாரியில் தனித்தனியாகச் சில டாலருக்குக் கிடைப்பவை. இரண்டையும் ஒரே மாத்திரையாக்கி விமோவோ என்ற பெயரில் 2010-இல் அனுமதி பெற்றார்கள். பின்னாளில் அதன் ஒரு மாத விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. அங்கே அதைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் கட்டும். இங்கே என் அம்மா கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டினாள்.

செராஷியோபெப்டிடேஸ் பற்றிப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டுப்புழுவின் குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்த நொதி அது. வீக்கம் வற்றும் என்று ஜப்பானில் பல பத்தாண்டுகள் விற்றார்கள். பிறகு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது வித்தியாசம் தெரியவில்லை என்று, விற்ற நிறுவனமே 2011-இல் அங்கே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. சென்னையில் இன்றைக்கும் பல்வலிக்குப் போனாலும், கால் சுளுக்கிப் போனாலும் சீட்டில் அது இருக்கிறது. எட்டு மாதம் அம்மா காசு கொடுத்து விழுங்கியதில் அதுவும் ஒன்று.

கலவை மருந்து எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. காசநோய்க்குப் பல மருந்துகளை ஒரே மாத்திரையாகக் கொடுப்பதால்தான் நோயாளி ஒன்றை விட்டு ஒன்றைச் சாப்பிடாமல் இருக்கிறார். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபாவோடு கார்பிடோபாவைச் சேர்த்தால்தான் மருந்து போதுமான அளவு மூளைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே சேர்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முட்டி வலிக்கு மூன்று மருந்தைச் சேர்ப்பதற்கு அப்படி என்ன காரணம் என்று கம்பெனிகள்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வி அரசுக்குப் புதிதில்லை. மத்திய அனுமதி வாங்காத கலவைகளுக்கு மாநில அதிகாரிகள் தயாரிப்பு உரிமம் கொடுத்திருப்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2012-லேயே கண்டித்தது. 2016 மார்ச்சில் 344 கலவைகளைத் தடை செய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், மறுபடி ஆராய்ந்து, 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்குத் தடை வந்தது. பெட்டிக்கடையில் தொங்கும் சாரிடான்கூட அந்தப் பட்டியலில் இருந்தது, வழக்காடி விலக்கு வாங்கிவிட்டது. 2023 ஜூனில் நிமெசுலைடும் பாராசிட்டமாலும் கலந்த, தண்ணீரில் கரையும் மாத்திரை உட்பட 14. 2024 ஆகஸ்டில் 156. அதில் அசெக்ளோஃபினாக் 50, பாராசிட்டமால் 125 சேர்ந்த மாத்திரையும் ஒன்று. ஆனால் 100-ம் 325-ம் சேர்ந்தது கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. இதை எங்கள் தெருவில் யார் புரிந்துகொள்வார்கள்? பட்டியல் ஆங்கிலத்தில் அரசிதழில் வருகிறது, செய்தித்தாளில் ஒரு நாள் வருகிறது, அத்தோடு சரி.

2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்த இருமல் மருந்து, நம் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் தயாரானது. உங்கள் துறையின் சோதனையில்தான் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருப்பது தெரிந்தது. அந்தக் குழந்தைகளைக் கொன்றது கலப்பட விஷம், கலவை இல்லை. ஆனாலும் அதுவும் பாராசிட்டமால் உட்பட மூன்று மருந்து சேர்ந்த டானிக்தான். அதில் உள்ள மற்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2023-லேயே சொல்லியிருந்தது. அந்த எச்சரிக்கை எத்தனை தாய்மார்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. மருந்தைத் தடை செய்வது டெல்லியின் வேலை. ஆனால் கடைக்கு உரிமம் கொடுப்பதும், ஆய்வாளரை அனுப்புவதும் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் இந்தச் செட்டு வியாபாரத்தை நிறுத்துங்கள். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். அந்த எச்சரிக்கை அட்டையிலேயே இருக்கிறது, ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். அட்டையைக் கத்தரித்தால் அதுவும் போய்விடுகிறது. கத்தரித்துக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், பத்து மாத்திரை வாங்கக் காசில்லாதவர்கள் நாங்கள். கத்தரித்துக் கொடுத்தால் பெயரை எழுதிக் கொடுக்கட்டும், பில் கொடுக்கட்டும். உங்கள் ஆய்வாளர்கள் சாயங்காலம் 7 மணிக்கு மேல் வந்து பார்க்கட்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் வேலை முடிந்து வருகிறவர்கள் செட்டு வாங்கும் நேரம் அதுதான்.

அடுத்தது, எனக்குத் தெரிந்த வேலை. கவரின் பின்பக்கம். அங்கே தமிழில் இவ்வளவு போதும்: இந்த மாத்திரையில் உள்ள மருந்துகள் என்று நாலு கோடு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிகிராம். அதன் கீழே, பிரஷர், சுகர், கிட்னி, அல்சர் இருந்தாலும் கர்ப்பமாக இருந்தாலும் கடையில் சொல்லுங்கள். வேறு வலி மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். வாந்தி பேதி இருக்கும்போது போடாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். கடைசியில் மருத்துவ ஆலோசனை எண் 104. கூடவே, மருந்தால் வந்த பாதிப்பைத் தெரிவிக்கும் இலவச எண் 1800-180-3024. அப்படி ஒரு எண் இருப்பதே அம்மா டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செலவு அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்பக்கம் ஓடும் அதே மெஷினில் பின்பக்கமும் கறுப்பு ஒரே கலரில் ஓட்டினால் கவருக்குச் சில காசுதான் கூடும். நான் தினமும் போடும் கொட்டேஷன் இது.

தனியார் கடைகள் தயங்கினால் அரசு தொடங்கலாம். 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்களே, அங்கிருந்து ஆரம்பிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கும் அக்காக்கள், "வலி மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களாம்மா" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். 1990-களிலேயே மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மற்ற மாநிலங்களுக்கு வழி காட்டியது. பெயரையும் அளவையும் நோயாளியின் மொழியில் கொடுப்பது அந்த வேலையின் அடுத்த படி.

தடை செய்யப்பட்ட கலவைகளின் பட்டியலைத் தமிழில் ஒவ்வொரு மருந்துக்கடையிலும் ஒட்டச் சொல்லுங்கள். வருடா வருடம் புதுப்பித்து ஒட்டட்டும். போஸ்டர் அடிப்பதில் சென்னைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன், இந்த மடல் உங்கள் கண்ணிலும் படும் என்ற நம்பிக்கையில். ஒற்றை மருந்து போதும் என்றால் ஒற்றை மருந்தே எழுதுங்கள். அம்மாவுக்கு இப்போது வலி வந்தால் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவு. கால் தசைக்கு மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், உட்கார்ந்தே இட்லி ஊற்றுகிறாள். வலி முழுதாகப் போகவில்லை, பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது என்கிறாள். மாத்திரை சாப்பிட்ட அந்த எட்டு மாதத்துக்கு முன்னாலேயே ஸ்டூலை யாராவது சொல்லியிருந்தால் விலை 600 ரூபாய்தான்.

கவரின் மாதிரியை வடிவமைத்து, இரண்டு அளவுகளில் அச்சடித்து இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எழுத்து 11 புள்ளி அளவு, கண்ணாடி இல்லாமல் அம்மாவால் படிக்க முடிந்தது. மருத்துவ வாசகங்களை உங்கள் துறையின் மருந்தியல் அறிந்தவர்கள் திருத்தித் தரட்டும். திருத்தம் எத்தனை தடவை வந்தாலும் மாற்றிக் கொடுக்கிறேன். இதற்கு எனக்கு ஒரு பைசாவும் வேண்டாம்.

இப்படிக்கு,
புளியந்தோப்பு இட்லிக் கடைக்காரரின் மகள்